நலம் பார்த்தல்: ‘உடற்தகுதித் தேர்வு’ வேண்டாம்

யூதர் வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் எட்டாம் நாள் ‘பிரித் மிலா’ நடக்கும். பிரித் என்றால் உடன்படிக்கை, மிலா என்றால் விருத்தசேதனம், அதாவது ஆண்குறியின் நுனித்தோலை நீக்குதல். அதைச் செய்யப் பயின்றவர் மொஹேல். அவர் சடங்குக்கு முன்பே வந்து பிள்ளை நலமாக இருக்கிறதா என்று பார்ப்பார். இதற்கு எபிரேயத்தில் ‘பெதிகா’ என்று பெயர். தமிழில் இது ‘உடற்தகுதித் தேர்வு’ என்று வந்துகொண்டே இருக்கிறது. அண்மையில் திருத்தத்துக்கு வந்த ஒரு கட்டுரையில், “குழந்தை உடற்தகுதித் தேர்வில் தேர்ச்சி பெறாததால் சடங்கு ஒத்திவைக்கப்பட்டது” என்றே எழுதியிருந்தார்கள். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத பிள்ளையைத் தோற்றவனாக்கும் வாக்கியம் அது. படித்ததும் மனம் கசந்துபோனது.

சொல்லின் வேர் எளிது. ‘பெதெக்’ என்றால் விரிசல், பழுது. வேதாகமத்தின் இரண்டாம் இராஜாக்கள் நூல் 12ஆம் அதிகாரத்தில் எருசலேம் ஆலயத்தின் பழுதுகளைப் பற்றிப் பேசும் இடத்தில் வருவது இந்தச் சொல்தான். பழுது உண்டா என்று தேடிப் பார்ப்பது பெதிகா. புளித்த மாவு விலக்கப்பட்ட யூதர் பண்டிகையான பஸ்காவுக்கு முந்தைய இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் புளித்த மாவுப் பண்டம் தேடுவதும், அறுத்த ஆட்டின் நுரையீரலில் குறை தேடுவதும் பெதிகாதான்.

இனி ‘உடற்தகுதி’க்கு வருவோம். முதலில் புணர்ச்சியே தவறு. உடல், தகுதி இரண்டும் சேர்ந்தால் ‘உடற்றகுதி’. அது கரடுமுரடாகப் பட்டால் ‘உடல்தகுதி’ என்று விட்டுவிடலாம். ‘உடற்தகுதி’ இரண்டிலும் சேராதது. இதைவிடப் பெரிய குறை பொருளில் இருக்கிறது. உடல்தகுதித் தேர்வு என்றால் நமக்குத் தெரிந்தது காவலர் தேர்வு: ஓட்டம், கயிறு ஏறுதல், மார்பளவு. தேறாதவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பெதிகாவில் தேறுவதும் இல்லை, தோற்பதும் இல்லை. பிள்ளைக்கு நலமில்லை என்றால் அந்தக் கடமைக்கே இன்னும் வேளை வரவில்லை என்று பொருள்.

யூதச் சட்டமரபின் பழைய பெருந்தொகுப்பான தல்மூதிலேயே இதற்குக் கதை உண்டு. ஒரு தாய்க்கு முதல் இரண்டு பிள்ளைகளும் விருத்தசேதனத்துக்குப் பின் இறந்துபோயின. மூன்றாவது பிள்ளையைப் பாபிலோனியரான ரபி (யூத மத ஆசான்) நாத்தானிடம் கொண்டுவந்தாள். பிள்ளை செக்கச்செவேலென்று இருந்தது. “இரத்தம் உடம்பில் சுவறும்வரை காத்திரு” என்றார் அவர். காத்திருந்து செய்தார்கள், பிள்ளை பிழைத்தது, அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். உடம்பு மஞ்சள்பூத்திருந்த இன்னொரு பிள்ளைக்கும் காத்திருக்கவே சொன்னார் அவர். இதில் தகுதி எங்கே வருகிறது?

யூதச் சட்டமும் இதே திசையில்தான் போகிறது. எட்டாம் நாள், வேலை செய்யக்கூடாத சனிக்கிழமை ஓய்வுநாளில் விழுந்தாலும் விருத்தசேதனம் நடக்கும். அவ்வளவு கண்டிப்பான நாள் அது. அந்த நாளையே பிள்ளையின் நோய் தள்ளிவைத்துவிடுகிறது. காய்ச்சல்போல் உடம்பு முழுவதையும் பற்றிய நோய் என்றால், குணமான பிறகும் முழுதாக ஏழு நாள், மணிக்கணக்குப் பார்த்து 168 மணி நேரம் பொறுக்க வேண்டும். கண்ணில் சிறு நோவு போல ஓர் உறுப்போடு நிற்பது என்றால் குணமானதும் செய்யலாம். இப்படித் தள்ளிப்போன சடங்கை ஓய்வுநாளில் வைக்கமாட்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் காரணத்தையும் சொல்லிவிட்டார்: விருத்தசேதனத்தைப் பிறகும் செய்துகொள்ளலாம், போன உயிரைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சிலர் ‘விருத்தசேதன முன்-மதிப்பீடு’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தின் முன்னொட்டைப் பெயர்த்து, நடுவில் ஒரு கோடும் போட்டுவிட்டால் தமிழ் ஆகிவிடாது. ‘மருத்துவப் பரிசோதனை’ அவ்வளவு மோசமில்லை. மருத்துவர் பார்க்கும்போது அதுவே சரி. ஆனால் மொஹேல் மருத்துவராக இருந்தாக வேண்டும் என்பதில்லை.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதே இல்லை. நாடி பார்க்கிறோம், பிரசவம் பார்க்கிறோம், வைத்தியம் பார்க்கிறோம். பழுதைக் கண்டு சீராக்குவதே நமக்குப் ‘பழுது பார்த்தல்’. ‘பார்த்தல்’ என்ற ஒரு வினைக்குள் கண்ணும் கையும் கவனமும் அடங்கியிருக்கின்றன. ஆகவே பெதிகாவுக்கு ‘நலம் பார்த்தல்’ என்பதே என் முடிவு.

மொஹேல் செய்வதும் அதைத்தான். பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து துணியை விலக்குகிறார். மூக்கிலோ மார்பிலோ விரலால் அழுத்தி எடுத்து, அந்த இடம் வெளுக்கிறதா மஞ்சளாகத் தெரிகிறதா என்று பார்க்கிறார். கண்ணின் வெள்ளையையும் பார்க்கிறார். நன்றாகப் பால் குடிக்கிறதா, துணி நனைகிறதா, குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் யாருக்காவது உண்டா என்று தாயிடம் கேட்கிறார். சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் கீழே அமைந்திருந்தால் கைவைக்கமாட்டார்; அதைச் சீராக்கும் அறுவைக்கு அந்த நுனித்தோல் தேவைப்படலாம். மஞ்சள் கூடுதலாகத் தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்பி இரத்தத்தில் பிலிருபின் (மஞ்சளுக்குக் காரணமான நிறமி) அளவு பார்க்கச் சொல்வார்.

விருத்தசேதனம் என்ற சொல்லையும் மாற்ற வேண்டும் என்பார்கள் சிலர். விருத்தம் வட்டம், சேதனம் வெட்டு, வடசொல்தான். மருத்துவ நூலில் ‘நுனித்தோல் நீக்கம்’ என்று எழுதுங்கள், தெளிவாக இருக்கும். சடங்கைப் பேசும்போது தமிழ் வேதாகமம் படித்தவர் நாவில் பழகிய சொல்லை விடக் கூடாது. ‘சுன்னத்து’ மட்டும் இங்கே வேண்டாம். அது நபிவழியைக் குறிக்கும் அரபுச் சொல், முஸ்லிம்களின் வழக்கு. யூதர் உடன்படிக்கைக்குப் பொருந்தாது. மொஹேலைப் ‘பூசாரி’ என்றும் எழுதாதீர்கள், மொஹேல் என்றே இருக்கட்டும். திருத்தத்துக்கு வந்த அந்த வாக்கியத்தை இப்படி மாற்றினேன்: “மொஹேல் நலம் பார்த்தபோது பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இருந்ததால் பிரித் தள்ளிவைக்கப்பட்டது.”