சைக்கிளுக்கு அபராதம் கேட்டால்: பணத்தை எடுக்கும் முன் பிரிவு எண்ணைக் கேளுங்கள்

சைக்கிளில் செல்பவரைப் போக்குவரத்துக் காவலர் நிறுத்தி, தலைக்கவசம் இல்லை, சிக்னலைத் தாண்டினாய், டபுள்ஸ் வந்தாய் என்று ஐந்நூறோ ஆயிரமோ கேட்டால், அந்தப் பணத்தைச் சாலையிலேயே வசூலிக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவருக்குக் கிடையாது. இதைத் தெரிந்து வைத்திருப்பவர்களை யாரும் நிறுத்துவதில்லை. நிறுத்தப்படுபவர்கள் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், டீ கேன் கட்டிக்கொண்டு விற்கிறவர்கள், வடமாநிலத்திலிருந்து வந்து மொழி தெரியாமல் தலையாட்டுகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்காகவும் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று பேச நேரிடுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காவலர் கையில் வைத்திருக்கும் இ-சலான் இயந்திரம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் அபராதம் போடுவதற்கானது. அந்தச் சட்டத்தின் 2(28) பிரிவு, இயந்திர விசையால் ஓடுவதையே மோட்டார் வாகனம் என்கிறது. காலால் மிதித்து ஓட்டும் சைக்கிள் அதற்குள் வராது. தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கும் 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளைப் பற்றியது. போக்குவரத்துக் குறிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்னும் 119ஆம் பிரிவு மோட்டார் வாகன ஓட்டுநரைப் பற்றியது. ஓட்டுநர் உரிமம், பதிவு, காப்பீடு ஆகியவையும் அப்படியே. முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய் என்று எதற்கெடுத்தாலும் போடப்படும் 177ஆம் பிரிவு, இந்தச் சட்டத்தையோ இதன் கீழ் வந்த விதியையோ மீறினால் மட்டுமே பொருந்தும். மீறுவதற்குச் சைக்கிளுக்கென ஒரு விதி இருந்தாக வேண்டும்.

எங்கள் தெருவில் இருக்கும் கொத்தனார் ஒருவர், மாலையில் வேலை முடிந்து கரண்டியையும் மட்டப்பலகையையும் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வரும்போது நிறுத்தப்பட்டார். அவரிடம் கொடுக்கப்பட்ட சீட்டை வாங்கிப் பார்த்தேன். வாகன எண் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய கைப்பேசி எண் இருந்தது. குற்றம் என்ற இடத்தில் 177 என்று மட்டும் இருந்தது. எந்த விதியை மீறினார் என்பது எங்கும் இல்லை. அன்றைய கூலியில் பாதி போயிற்று. இயந்திரம் சைக்கிளை ஏற்காதபோது, ஏற்கும்படி எதையாவது தட்டி அனுப்பிவிடுகிறார்கள். அச்சாகி வந்துவிட்டதால் அது சட்டப்படியானது என்று வாங்குகிறவரும் நம்பிவிடுகிறார்.

காவலருக்கு அதிகாரமே இல்லை என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது அவர் வேலை. நில் என்றால் நின்றுதான் ஆக வேண்டும். பொதுச்சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி அலட்சியமாக ஓட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றத் தண்டனைச் சட்டத்தின் 281ஆம் பிரிவின்படிக் குற்றம், பாதையை மறித்து இடையூறு செய்வது 285ஆம் பிரிவின்படிக் குற்றம். இவை எந்த வண்டிக்கும் பொருந்தும், சைக்கிளும் விலக்கல்ல. ஆனால் இந்தப் பிரிவுகளில் தண்டனை விதிப்பது நீதிமன்றம். முனையில் நின்று அபராதத் தொகையை வாங்கிக்கொண்டு முடித்து வைக்கக் காவலருக்கு வழியில்லை. ஆகவே, நிறுத்தப்பட்டவர் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "ஐயா, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று சீட்டில் எழுதித் தாருங்கள்." குரலை உயர்த்தாமல், சைக்கிளைவிட்டு இறங்கி நின்று இதைக் கேட்டால், பாதிப் பேரை "சரி, போ" என்று அனுப்பிவிடுகிறார்கள். கையைத் தட்டிவிடுவதோ மறித்து நிற்பதோ கூடாது. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுத்ததாக வழக்குப் போட அது போதும். அந்த வழக்கு ஐந்நூறு ரூபாயோடு முடியாது.

சீட்டே இல்லாமல் பணம் கேட்கப்படுவது இன்னொரு வகை. ரசீது இல்லாமல் கொடுக்கும் தொகை அபராதம் ஆகாது, லஞ்சம்தான். இப்போது பக்கத்துப் பெட்டிக்கடையின் கியூஆர் அட்டையைக் காட்டி, "அதில் போட்டுவிடு" என்கிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். அப்படிக் கொடுக்க நேர்ந்துவிட்டால் கைப்பேசியில் வரும் அந்தப் பணப் பரிமாற்றப் பதிவை அழித்துவிடாதீர்கள்; நேரமும் இடமும் தொகையும் அதில் இருக்கின்றன. லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064 எண்ணில் புகார் சொல்லும்போது உங்கள் பேச்சுக்கு உள்ள ஒரே சான்று பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இதைவிடக் கேடு செய்வது பெட்டி கேஸ் எனப்படும் சிறு குற்ற வழக்கு. கேள்வி கேட்ட இளைஞரை நிலையத்துக்கு வரச்சொல்லி, மாநகரக் காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படிப் பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டார் என்று எழுதி, "சின்ன ஃபைன்தான் தம்பி, கோர்ட்டில் ஒத்துக்கொண்டு கட்டிவிட்டுப் போ" என்பார்கள். சின்னத் தொகைதான், கட்டுவதும் எளிதுதான். ஆனால் ஒத்துக்கொண்ட அந்த நிமிடத்தில் அவர் ஒரு குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டவராகிவிடுகிறார். பின்னாளில் கடவுச்சீட்டுக்கோ சீருடைப் பணியாளர் தேர்வுக்கோ விண்ணப்பிக்கும்போது, உங்கள் மீது வழக்கு இருந்ததா என்ற கட்டம் வரும். அங்கே இல்லை என்று எழுதி, குற்ற வழக்கை மறைத்ததாக நிராகரிக்கப்பட்டு, வேலைக்காக உயர் நீதிமன்றம் வரை அலைந்தவர்கள் இருக்கிறார்கள். படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். குற்றம் செய்யவில்லை என்றால், செலவும் அலைச்சலும் எவ்வளவானாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெண்கள், சிறுவர்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாகத் தரும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

சைக்கிளைப் பிடித்து வைத்துக்கொள்வதும் நடக்கிறது. பதிவும் உரிமமும் இல்லாத வண்டியைப் பிடித்து வைக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 207ஆம் பிரிவு மோட்டார் வாகனத்துக்கு உரியது. ஆனால் திருட்டுப் பொருள் என்று சந்தேகித்தால் எதையும் கைப்பற்றக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. கை மாறி வந்த பழைய சைக்கிளுக்கு ரசீது இல்லாதபோது இந்தக் காரணம்தான் சொல்லப்படும். ஆகவே சைக்கிளின் சட்டகத்தில், பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியிலோ இருக்கைக்குக் கீழேயுள்ள குழாயிலோ பொறித்திருக்கும் எண்ணை இன்றே படம் எடுத்து வையுங்கள். பழையது வாங்கும்போது விற்றவரிடம் ஒரு வெள்ளைத் தாளிலாவது அந்த எண்ணோடு எழுதி வாங்குங்கள். டயரில் காற்றைத் திறந்துவிடுவது, வால்வைப் பிடுங்கிக்கொள்வது ஆகியவை எந்தச் சட்டத்திலும் தண்டனையாக எழுதப்பட்டிருக்கவில்லை. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பிள்ளையை, அதே அரசின் ஊழியர் காற்றைப் பிடுங்கி நடக்கவிடுவதைப் பார்த்துவிட்டு என்னால் வாய் மூடி இருக்க முடிவதில்லை.

இதுவரை சொன்னது மிதித்து ஓட்டும் சைக்கிளுக்கு. மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்கள் இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பெரிய தொகை இழப்பவர்கள் அவர்கள்தான். "லைசென்ஸ் வேண்டாம், ஆர்டிஓ வேண்டாம்" என்று கடையில் சொல்வது சில நிபந்தனைகளுக்கு உட்பட்டே உண்மை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். மோட்டாரின் உதவி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போதும், மிதிப்பதை நிறுத்தும்போதும் நின்றுவிட வேண்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என எதிரொளிப்பான்கள் இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. இவை அனைத்தையும் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று சோதித்துச் சான்றளித்திருக்க வேண்டும் என்பதைத்தான் கடைக்காரர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சாதாரண சைக்கிளில் ஒரு கிட் வாங்கி மாட்டிக்கொண்டால், மோட்டார் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்தச் சான்று இருக்காது. சான்றுள்ள வண்டியிலும், வேகக் கட்டுப்பாட்டு ஒயரைப் பிடுங்கிவிட்டு "இப்போது நாற்பதில் பறக்கும்" என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒயரோடு, உரிமமும் பதிவும் வேண்டாம் என்ற விலக்கும் போய்விடுகிறது.

விலக்கு போனால் அது மோட்டார் வாகனம். அப்போது தலைக்கவசம் இல்லாததற்கு 1,000, காப்பீடு இல்லாததற்கு 2,000, உரிமம் இல்லாததற்கு 5,000, பதிவு இல்லாததற்குத் தனியாக என்று ஒரே நிறுத்தத்தில் வண்டி விலையில் ஒரு பெரும் பங்கு போய்விடும். ஓட்டியது பதினைந்து வயது மகனாக இருந்தால் 199ஏ பிரிவு பெற்றோர் மீது பாயும்: 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் அதில் உண்டு, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமமும் கிடைக்காது. யார் மீதாவது மோதிவிட்டால், காப்பீடு இல்லாத வண்டி என்பதால் இழப்பீடு முழுவதையும் உரிமையாளரே கட்ட வேண்டியிருக்கும். வாங்கும் முன் சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். வண்டி மாதிரியின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள், விலைப்பட்டியல் ரசீதில் மோட்டாரின் திறனை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். வண்டியில் போகும்போது அந்தச் சான்றின் படம் கைப்பேசியில் இருக்கட்டும், காவலருக்கு 0.25 கிலோவாட் கணக்கைச் சாலையோரத்தில் விளக்கிப் புரியவைக்க முடியாது, தாளைக் காட்டினால் புரியும்.

விபத்தில் சிக்கிய சைக்கிள்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காரோ வேனோ இடித்துவிட்ட பிறகு, நிலையத்தில் "நீயும் ராங் சைடுதானே, இருவர் மேலும் போடுகிறேன், சமாதானமாகப் போய்விடு" என்று சொல்லப்படும். மோதிய வாகனத்தின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கேட்கும் உரிமை சைக்கிளில் சென்றவருக்கு உண்டு. அலட்சியமாக ஓட்டியதாக நீங்கள் ஒத்துக்கொண்ட தாள் ஒன்று இருந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் தீர்ப்பாயத்தில் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான்; உங்கள் பங்குத் தவறு என்று ஒரு பகுதி கழிக்கப்படும். கால் முறிந்து படுக்கையில் கிடப்பவரிடம் கையெழுத்து வாங்க வந்தால், வழக்கறிஞர் பார்க்காமல் போடக் கூடாது.

தவறாகப் போட்ட அபராதத்தை எதிர்த்துப் புகார் செய்யப் போனால் அலைக்கழிப்பு தொடங்கும். போக்குவரத்து நிலையத்தில் சட்டம் ஒழுங்கு நிலையத்துக்குப் போ என்பார்கள். அங்கே இது டிராபிக் விஷயம் என்பார்கள். நிலைய எழுத்தர் சாப்பிடப் போயிருப்பார். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதில் எந்தப் பயனும் இல்லை. எழுத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். தரவில்லை என்றால் அங்கே நின்று வாதாடிக்கொண்டிருக்காமல், அதே மனுவை மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரில் ஆணையருக்குப் விரைவுத் தபாலில் ஒப்புகையுடன் அனுப்புங்கள். 1100 எண்ணில் முதல்வரின் முகவரித் துறைக்குச் சொன்னால் மனு எண் கிடைக்கும். ஆனால் அந்த மனு சுற்றி வந்து, நீங்கள் யார் மீது புகார் சொன்னீர்களோ அந்த நிலையத்துக்கே விசாரணைக்கு வந்து, "மனுதாரர் சமாதானமடைந்தார்" என்று முடித்து வைக்கப்படும் வாய்ப்பு உண்டு. அப்படி ஒரு குறுஞ்செய்தி வந்தால், நான் சமாதானமடையவில்லை என்று அன்றே எழுத்தில் மறுத்து அனுப்புங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு நல்ல கருவி. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். "எனக்கு ஏன் அபராதம் போட்டீர்கள்" என்று கேட்டால் வினா வடிவில் உள்ளது, இது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன தேதியிட்ட, இன்ன எண்ணுள்ள சலானில் மீறப்பட்டதாகக் குறிக்கப்பட்ட விதியின் நகல், சைக்கிளுக்கு அபராதம் விதிக்க அதிகாரம் அளிக்கும் அரசாணையின் நகல், வசூலித்த தொகை அரசுக் கணக்கில் செலுத்தப்பட்டதற்கான பதிவின் நகல். கொத்தனாருக்காக இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

இரவில் விளக்கில்லாமல் எதிர்த்திசையில் வரும் சைக்கிள் ஆபத்தானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முதலில் சாகிறவரும் அவர்தான். ஆனால் சைக்கிளுக்கு ஒதுக்கிய பாதையில் காரை நிறுத்தியிருப்பவரை விட்டுவிட்டு, அதனால் நடுச்சாலைக்கு வந்தவரை நிறுத்துவதும், கார்க்காரருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே ஐந்நூறு என்பதும் நியாயமாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 138(1ஏ) பிரிவு, மோட்டார் இல்லாத வண்டிகளையும் பாதசாரிகளையும் ஒழுங்குபடுத்த மாநில அரசுகள் விதி செய்யலாம் என்கிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், இந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எனவே "புது விதி வந்துவிட்டது" என்று சாலையில் யாராவது சொன்னால், அரசிதழ் எண்ணையும் தேதியையும் கேளுங்கள். இத்தகைய விதிகள் இறுதியாவதற்கு முன் வரைவாக வெளியிடப்பட்டு ஆட்சேபணை கேட்கப்பட வேண்டும். வரைவு வெளியாகும்போது, சைக்கிள் பாதை இல்லாத சாலையில் அபராதம் கூடாது, முதல் முறை எச்சரிக்கை மட்டும், ரசீதில் விதி எண் கட்டாயம் என்ற மூன்றையும் எழுதி உள்துறைச் செயலாளருக்கு அனுப்புங்கள். சைக்கிள் வைத்திருக்கும் தொழிலாளர்களின் கையெழுத்துகளையும் சேர்த்து, கெடு தேதிக்கு முன்பே ஒப்புகையோடு போய்ச் சேரும்படி அனுப்புங்கள். கெடு முடிந்து ஒரு நாள் தாமதமானாலும் அதைப் படிக்காமலே கோப்பில் வைத்துவிடுவார்கள்.