ரத்தம் எட்டாத லென்ஸ்

"கண்ணில் சதை வளர்ந்திருக்கிறதாம், உரித்து எடுக்க வேண்டுமாம்." கண்புரை என்று தெரிந்ததும் வீட்டில் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். கண்ணுக்கு முன்னால் ஏதோ தோல் படர்ந்து மறைக்கிறது, அதை உரித்துவிட்டால் உள்ளே பழைய கண் அப்படியே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே புதிதாக எதுவும் வளரவில்லை. பிறந்த நாளிலிருந்து கூடவே இருந்த லென்ஸ்தான் தெளிவிழந்து மங்கியிருக்கிறது. உரிப்பதற்கு ஒன்றுமில்லை, லென்ஸையே மாற்ற வேண்டும்.

இன்னொரு நோயைப் பற்றி இதே மாதிரி அரைகுறையாகக் காதில் விழும்: "கண்ணில் பிரஷர் இருக்கிறதாம்." அதுதான் கிளாக்கோமா. உலகில் கண் தெரியாமல் போவதற்கு முதல் காரணம் கண்புரை. போன பார்வை திரும்பவே வராது என்ற வகையில் முதல் காரணம் கிளாக்கோமா. இரண்டையும் தனித்தனியாகவே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். சேர்த்து வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் வேர் ஒரே இடத்தில் இருப்பது தெரிகிறது. ஒளி தடையில்லாமல் உள்ளே போக வேண்டுமென்றால், அது போகும் வழியில் ரத்தம் இருக்கக் கூடாது.

உடம்பில் ஏறக்குறைய எல்லாத் திசுக்களும் ரத்தத்தை நம்பித்தான் உயிர் வாழ்கின்றன. ஆக்சிஜன், சர்க்கரை, கழிவை எடுத்துப் போவது எல்லாமே ரத்தக்குழாய் வழியாகத்தான். ஆனால் கண்ணின் முன்பக்கக் கண்ணாடி போன்ற கார்னியாவிலும், அதற்குப் பின்னால் இருக்கும் லென்ஸிலும் ஒரு ரத்தக்குழாய்கூட இல்லை. இருந்தால் அதன் நிழல்தான் எப்போதும் தெரியும். அப்படியானால் இந்த இரண்டுக்கும் உணவு எப்படிப் போகிறது? கண்ணுக்குள்ளேயே சுரந்து ஓடும் ஒரு தெளிந்த நீர் அந்த வேலையைச் செய்கிறது. வெளியே வழியும் கண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்நீர் என்று சொல்லிக்கொள்வோம்.

ரத்தமில்லாத லென்ஸ் பழுதுபார்க்க ஆளில்லாமல் முதுமை அடைவதுதான் கண்புரை. அந்த உள்நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, கண்ணின் பின்பக்க நரம்பு நசுங்குவதுதான் கிளாக்கோமாவின் வழக்கமான கதை.

முதலில் லென்ஸ். மரத்தில் ஆண்டு வளையங்கள் சேர்வதுபோல இதில் அடுக்குக்கு மேல் அடுக்கு சேர்ந்துகொண்டே இருக்கிறது. பழைய அடுக்கு உதிர்வதில்லை, உள்ளே தள்ளப்படுகிறது. உள்ளே போகும் ஒவ்வொரு செல்லும் தன் உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்துவிடுகிறது. அவை இருந்தால் ஒளி சிதறும் என்பதால் இந்தத் துறவு. கடைசியில் மிஞ்சுவது கிரிஸ்டலின் என்ற புரதங்கள் நெருக்கமாக அடைந்த ஒரு பை. லென்ஸின் எடையில் மூன்றில் ஒரு பங்கு புரதம். வேறெந்தத் திசுவிலும் இவ்வளவு அடர்த்தி கிடையாது.

உட்கரு இல்லை என்றால் புதுப் புரதம் செய்ய வழியில்லை. ஆகவே உங்கள் லென்ஸின் நட்டநடுவில் இருக்கும் புரதம், நீங்கள் தாயின் வயிற்றில் இருந்தபோது செய்யப்பட்டது. தோல் மாறுகிறது, ரத்தம் மாறுகிறது, எலும்புகூட மெல்ல மெல்ல மாறுகிறது. இது மட்டும் மாறவில்லை. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரட்டிப்பானது. மாறாத புரதத்தில், அது உருவான காலத்துக் காற்றின் கார்பன் அளவு அப்படியே பதிந்திருக்கும். அதை வைத்து, லென்ஸின் மையத்தைப் பார்த்தே ஒருவர் பிறந்த ஆண்டைக் கணிக்கலாம் என்று 2008இல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2016இல் கிரீன்லாந்துச் சுறாக்களின் லென்ஸிலும் கார்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மிகப் பெரிய சுறாவின் வயது சுமார் 392. பிழை வரம்பைக் கழித்தாலும் 272க்குக் குறையாது. கடலடியில் அத்தனை காலம் மாறாமல் இருந்த புரதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

சரி, இவ்வளவு புரதம் அடைந்தும் லென்ஸ் ஏன் தெளிவாக இருக்கிறது? ஒரு கண்ணாடித் துண்டின் வழியே பார்க்க முடிகிறது. அதையே பொடித்துக் குவித்தால் வெள்ளையாகத் தெரிகிறது. பொருள் அதேதான், ஆனால் பொடியில் எங்கே பார்த்தாலும் விளிம்பு, ஒவ்வொரு விளிம்பிலும் ஒளி சிதறுகிறது. லென்ஸில் புரதங்கள் சீரான நெருக்கத்தில் அமைந்திருப்பதால் ஒளிக்கு அப்படி எந்த விளிம்பும் எதிர்ப்படுவதில்லை. அவை மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, அந்தக் கட்டிகள் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடும் அளவுக்கு வளர்ந்ததும் சிதறல் தொடங்கிவிடும். அந்த வெண்மைதான் புரை.

இதைத் தடுக்க லென்ஸுக்குள் ஒரு காவல் உண்டு. ஆல்ஃபா கிரிஸ்டலின் என்ற புரதம், மடிப்புக் குலையும் மற்ற புரதங்களைப் பிடித்து, கட்டியாகாமல் தாங்கிக்கொள்கிறது. ஜோசப் ஹார்விட்ஸ் 1992இல் இதைக் கண்டறிந்தார். ஆனால் கையிருப்பு அவ்வளவுதான், புதிதாக வராது. நடுவயது தாண்டும்போது லென்ஸின் மையத்தில் கரைந்த நிலையில் அது ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. புற ஊதாக் கதிர், புகைபிடித்தல், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், நீண்டநாள் ஸ்டீராய்டு, கண்ணில் அடி ஆகியவை இந்தத் தேய்மானத்தை வேகப்படுத்தும். எனக்கு ஆச்சரியம் தந்தது ஆக்சிஜன்தான். லென்ஸ் ஆக்சிஜன் மிகக் குறைந்த இடத்தில் வாழப் பழகியது. விழித்திரைச் சிகிச்சைக்காகக் கண்ணின் நடுவே இருக்கும் கூழ் போன்ற பொருளை எடுத்துவிட்டால், லென்ஸுக்கு ஆக்சிஜன் கூடுதலாக எட்டும். ஐம்பது வயது கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்புறம் இரண்டு ஆண்டுக்குள் புரை வந்துவிடுகிறது.

நாற்பதைத் தாண்டியதும் வரும் வெள்ளெழுத்து புரை அல்ல, லென்ஸ் விறைப்பதால் வருவது. ஆனால் சிலருக்கு அறுபதுக்கு மேல் ஒரு விந்தை நடக்கும். படிக்கும் கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பார்வை திரும்பிவிட்டது என்று மகிழ்ச்சி. லென்ஸின் மையம் இறுகி ஒளியைக் கூடுதலாக வளைப்பதால், கண் கிட்டப்பார்வைக் கண்ணாகியிருக்கிறது. அதாவது புரை வருகிறது. நிறமும் மாறும். மஞ்சளேறிய லென்ஸ் நீலத்தை வடிகட்டிவிடும். ஓவியர் க்ளோட் மோனேவுக்கு 1912இல் புரை என்று சொன்னார்கள், 1923இல்தான் அறுவை சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டார். இடைப்பட்ட ஆண்டுகளின் ஓவியங்களில் சிவப்பும் பழுப்பும் மண்டிக் கிடப்பதைப் பார்க்கலாம்.

சிகிச்சையின் கதையில் மனத்தில் நிற்பவர் ஹெரால்ட் ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களில் விமான முகப்பின் பிளாஸ்டிக் சில்லுகள் தைத்தன. உள்ளேயே கிடந்தும் அவை கண்ணைப் புண்ணாக்கவில்லை. அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949 நவம்பரில் லண்டனில் ஒருவருடைய கண்ணுக்குள் வைத்தார். சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் அவரை எதிர்த்தார்கள். பின்னாளில் ரிட்லியின் இரு கண்களிலும் அதே போன்ற செயற்கை லென்ஸ்கள் வைக்கப்பட்டன.

இன்றைய அறுவை சிகிச்சையை நுண்ணோக்கி வழியே கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கார்னியாவின் ஓரத்தில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு கீறல். லென்ஸ் ஒரு மெல்லிய உறைக்குள் இருக்கிறது. அந்த உறையின் முன்பக்கத்தில் சுமார் 5 மில்லிமீட்டர் அகல வட்டத்தை மருத்துவர் நுண்ணிய இடுக்கியால் சுற்றிச் சுற்றிக் கிழித்து எடுக்கிறார். கிழிசல் ஓரத்துக்கு ஓடிவிடக் கூடாது. அப்புறம் நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிரும் ஊசியால் லென்ஸை உடைத்து உறிஞ்சுகிறார். சார்லஸ் கெல்மன் 1967இல் கொண்டுவந்த முறை இது. பல் மருத்துவர் பல்லைச் சுத்தம் செய்யும் கருவியில்தான் அவருக்கு இந்த யோசனை கிடைத்தது. இப்போது உறை மட்டும் காலியாக நிற்கிறது. அதன் பின்சுவர் சில மைக்ரோமீட்டர் கனம்தான், முடியைவிடப் பல மடங்கு மெல்லியது. சுருட்டி உள்ளே தள்ளிய புது லென்ஸ் அந்தப் பைக்குள் மெதுவாக விரிந்து, கால்களை ஊன்றி நிற்கிறது. பெரும்பாலும் தையல்கூடத் தேவைப்படாது.

"புரை முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று காத்திருப்பது பழைய முறைக்குப் பொருந்திய பேச்சு. இப்போது முற்ற முற்ற லென்ஸ் கல்லாகி, உடைக்கக் கூடுதல் அதிர்வு வேண்டியிருக்கிறது. அன்றாட வேலைக்கு இடைஞ்சலானால் அதுவே தக்க நேரம். புது லென்ஸில் மறுபடி புரை வராது. மிஞ்சிய செல்கள் உறையின் பின்சுவரில் பரவி மங்கலாக்குவது உண்டு, சில நிமிட லேசரில் சரியாகிவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து இன்றுவரை கிடையாது. லானோஸ்டெரால் என்ற பொருள் நாய்களின் புரையைக் குறைத்ததாக 2015இல் ஓர் ஆய்வு வந்தபோது பெரிய நம்பிக்கை எழுந்தது. பின்னர் மனிதப் புரையில் சோதித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. கரைத்துத் தருவதாக யாராவது சொட்டு மருந்து விற்றால் வாங்காதீர்கள்.

இனி உள்நீர். நிமிடத்துக்குச் சுமார் 2.5 மைக்ரோலிட்டர் சுரக்கிறது. ஒரு சொட்டு மருந்தின் அளவு சேர ஏறக்குறைய கால்மணி நேரம் ஆகும். லென்ஸைச் சுற்றி, கண்பாவை வழியாக முன்னே வந்து, கண்பாவையைச் சுற்றியிருக்கும் நிற வளையமான ஐரிஸும் கார்னியாவும் சேரும் மூலையில் இருக்கும் சல்லடைத் திசு வழியாக வடிந்து ரத்தத்தில் கலக்கிறது. சுரப்பதும் வடிவதும் ஒத்துப்போனால் கண்ணின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். சல்லடை அடைபட்டால் அது ஏறும்.

அழுத்தம் கூடியதன் அடி விழுவது கண்ணின் பின்புறத்தில். விழித்திரையிலிருந்து கிளம்பும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் ஒன்றுசேர்ந்து துளைகள் நிறைந்த ஒரு தட்டு வழியாகக் கண்ணைவிட்டு வெளியேறுகின்றன. அதுதான் பார்வை நரம்பு. அழுத்தத்தில் அந்தத் தட்டு வளையும்போது இழைகள் நசுங்கி, ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. செத்த இழை திரும்ப முளைக்காது.

வலி இல்லாமலே இது நடந்துவிடுகிறது. கறுப்புத் திட்டு எதுவும் தெரிவதில்லை. நம்ப முடியாவிட்டால் ஒரு தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், அதிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி வலப்பக்கம் ஒரு புள்ளியும் வையுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் புள்ளி காணாமல் போகும். நரம்பு வெளியேறும் இடத்தில் நமக்குப் பார்வையே கிடையாது. ஆனால் அங்கே ஓட்டை தெரிகிறதா? வெள்ளைத் தாள்தான் தெரிகிறது. சுற்றியிருப்பதைப் பார்த்து மூளை நிரப்பிவிடுகிறது. கிளாக்கோமாவில் இழக்கும் பகுதிகளையும் மூளை இப்படித்தான் நிரப்புகிறது. பக்கத்தில் வரும் ஆள்மீது இடிக்கும்போதும், படி தவறும்போதும்தான் பலருக்குச் சந்தேகமே வருகிறது. அதற்குள் நிறைய இழைகள் போய்விட்டிருக்கும்.

அழுத்தத்தை மட்டும் அளந்து நிம்மதி அடைவதும் சரியல்ல. அமெரிக்காவில் கண் அழுத்தம் கூடுதலாக, ஆனால் நரம்பு நன்றாக இருந்த 1,636 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. ஐந்து ஆண்டில், மருந்து எடுக்காதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும், எடுத்தவர்களில் 4.4 சதவீதம் பேருக்கும் கிளாக்கோமா வந்தது. மருந்து பாதியாகக் குறைக்கிறது, உண்மைதான். ஆனால் மருந்தே எடுக்காதவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு அந்தக் காலத்தில் வரவில்லை. மறுபக்கம், அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு. ஆகவே நரம்பை நேரில் பார்ப்பதும், பக்கப் பார்வையைச் சோதிப்பதும் அவசியம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கிளாக்கோமா இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. கண் சிவந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஸ்டீராய்டு சொட்டு போட்டுக்கொள்ளும் பழக்கமும் ஆபத்து. நீண்டநாள் போட்டால் அது புரையையும் கொண்டுவரும், அழுத்தத்தையும் ஏற்றும்.

சொட்டு மருந்துகளில் டிமோலால் சுரப்பைக் குறைக்கிறது, லட்டானோப்ரோஸ்ட் வடிகாலைக் கூட்டுகிறது. போட்டால் எதுவும் தெளிவாகத் தெரியப்போவதில்லை, விட்டாலும் உடனே எதுவும் கெடப்போவதில்லை. அதனால்தான் நிறையப் பேர் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். சொட்டுக்குப் பதில் முதலிலேயே சல்லடைத் திசுவில் லேசர் செய்து பார்த்த பிரிட்டன் ஆய்வில், மூன்று ஆண்டுக்குப் பின்னும் நான்கில் மூன்று பேர் சொட்டு இல்லாமலே கட்டுப்பாட்டில் இருந்தார்கள். 2019இல் வந்த இந்த முடிவு பல மருத்துவர்களின் வழக்கத்தை மாற்றியிருக்கிறது.

எல்லாக் கிளாக்கோமாவும் மௌனமாக வருவதில்லை. சிலருக்கு அந்த வடிகால் மூலையே திடீரென்று மூடிக்கொள்ளும். கண் சிவந்து கடுமையாக வலிக்கும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம், தலைவலி, வாந்தி. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. மூலை மூடுவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது மறுபடியும் அந்த லென்ஸ்தான். ஒரு அடுக்கைக்கூட உதிர்க்காமல் ஆயுள் முழுவதும் தடித்துக்கொண்டே வந்து, ஐரிஸை முன்னே தள்ளுகிறது. அப்படியானால் புரையே இல்லாவிட்டாலும் லென்ஸை எடுத்துவிட்டால் என்ன என்று 5 நாடுகளில் 419 பேரிடம் சோதித்தார்கள். 2016இல் முடிவு வந்தது. ஐரிஸில் லேசர் துளை போடும் வழக்கமான சிகிச்சையைவிட லென்ஸை எடுத்தவர்களுக்கு அழுத்தம் குறைவாக இருந்தது, வாழ்க்கையும் சுலபமாக இருந்தது. ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடித்த லென்ஸ் போய், ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் லென்ஸ் வந்ததும், ஐரிஸ் பின்னால் சாய்கிறது. மூலை திறக்கிறது, உள்நீர் தன் வழியில் வடியத் தொடங்குகிறது.