கருப்பில் வெள்ளைப் புள்ளிகளைத் தூவினால் வானம் ஆகிவிடாது

விண்வெளி வீடியோ கேமுக்கு மோட் (ரசிகர்களே செய்து சேர்க்கும் மாற்றம்) செய்பவர்கள் கப்பலின் திருகாணி வரை பார்த்துப் பார்த்துச் செதுக்குகிறார்கள். பின்னணி வானம் என்று வந்ததும், கருப்புப் படத்தின் மேல் சீரற்ற புள்ளிகளைத் தூவும் ஒரு நாய்ஸ் ஃபில்டரைப் போட்டு, கான்ட்ராஸ்ட்டை ஏற்றி, அத்தோடு முடித்துவிடுகிறார்கள். விளையாடுபவர் மணிக்கணக்கில் பார்க்கப்போவது அந்த வானத்தைத்தான். அது போலியாகத் தெரிந்தால், புள்ளிகள் போதவில்லை என்று நினைத்து இன்னும் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் குறை எண்ணிக்கையில் இல்லை, ஒளியின் விகிதத்தில் இருக்கிறது.

விண்மீனின் பிரகாசத்தை ஒளித்தரம் என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக்கூட ஒளி குறையும். 5 தரம் என்பது சரியாக 100 மடங்கு. ஒரு தரம் என்பது சுமார் 2.512 மடங்கு. இரவு வானிலேயே மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸின் தரம் −1.46. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லை ஏறக்குறைய 6.5. முழு வானத்தையும் சேர்த்தாலும் அந்த எல்லைக்குள் இருப்பவை சுமார் 9,000 விண்மீன்கள்தான். அவற்றில் 1.5ஐ விடப் பிரகாசமானவை இருபது சொச்சம். தரம் ஒன்று மங்கும்போதெல்லாம் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. நாய்ஸ் ஃபில்டருக்கு இந்தக் கணக்கு தெரியாது. அது நடுத்தரப் பிரகாசப் புள்ளிகளை அள்ளிக் கொட்டுவதால்தான் வானம் உப்புத் தூவிய கரும்பலகைபோல் ஆகிறது.

கற்பனை வானம் வேண்டுமென்றால் விகிதத்தை நீங்களே உருவாக்கலாம். 0க்கும் 1க்கும் இடையில் ஒரு சீரற்ற எண்ணை எடுத்து, அதன் 10 அடிமான மடக்கையை 2ஆல் பெருக்கி, நீங்கள் வைத்திருக்கும் மங்கல் எல்லையோடு கூட்டுங்கள். கிடைப்பது அந்த விண்மீனின் தரம். இடத்தைத் தேர்வதில் ஒரு பொறி இருக்கிறது. அட்சத்தையும் தீர்க்கத்தையும் சமமாகச் சீரற்று எடுத்தால் இரு துருவங்களிலும் விண்மீன்கள் குவிந்துவிடும். அட்சத்துக்குப் பதிலாக அதன் சைன் மதிப்பை −1 முதல் 1 வரை சீரற்று எடுத்தால் பரவல் சரியாகும்.

உண்மையான வானத்துக்கு விண்மீன் பட்டியல்கள் இருக்கின்றன. ஹிப்பார்க்கோஸ் பட்டியலில் 1,18,218 பதிவுகள். டைகோ-2 பட்டியலில் சுமார் 25 லட்சம் விண்மீன்கள். விளையாட்டுகள் வானத்தை ஒரு பெட்டியின் உட்புறம்போல் ஆறு சதுரப் படங்களாக வைத்திருக்கும்; அதுதான் க்யூப்மேப். 2048 பிக்சல் பக்கமுள்ள ஆறு முக க்யூப்மேப்பில் மொத்தம் இரண்டரைக் கோடி பிக்சல்கள். 25 லட்சம் விண்மீன்களை அதில் போட்டால் சராசரியாகப் பத்து பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கு. தனித்தனி விண்மீன்களுக்கு ஹிப்பார்க்கோஸ் தாராளமாகப் போதும். டைகோவின் மங்கல் விண்மீன்களைப் பால்வீதியின் மெல்லிய ஒளிக்குப் பயன்படுத்துங்கள். பால்வீதியே பிரித்தறிய முடியாத விண்மீன்களின் கூட்டொளிதான் என்பதால் இது ஏமாற்று வேலை ஆகாது. பட்டியலில் வல ஏற்றம் (வானத்தின் தீர்க்கம்) மணியில் இருந்தால் 15ஆல் பெருக்கிப் பாகையாக்க மறக்காதீர்கள்.

அடுத்தது, வேலை அதிகமாகக் கெடும் இடம்: ஒளியைப் பிக்சலாக மாற்றுவது. சிரியஸுக்கும் 6.5 தர விண்மீனுக்கும் இடையே சுமார் 1,500 மடங்கு வித்தியாசம். 8 பிட் படத்தில் நேரியல் மதிப்பாக (ஒளி இரட்டித்தால் எண்ணும் இரட்டிப்பதாக) எழுதினால் 255 படிகள், அதாவது 6 தரம் மட்டுமே அடங்கும். திரைகள் வழக்கமாகப் பயன்படுத்தும் எஸ்ஆர்ஜிபி என்ற காமா வளைவில் எழுதினால் கணக்குப்படி 8.8 தரம் வரை அடங்கும். ஆனால் அடிமட்டப் படிகள் பல திரைகளில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே 32 பிட் மிதவைப் புள்ளிப் படத்தில், நேரியல் ஒளியில் வரையுங்கள். தரத்தை 0.6 அல்லது 0.7ஆல் பெருக்கி வீச்சைச் சுருக்குங்கள். காமாவையும் 8 பிட்டையும் கடைசிப் படியில் மட்டும் தொடுங்கள்.

விண்மீனை ஒற்றைப் பிக்சலாக வைக்கவே கூடாது. கேமரா திரும்பும்போது அது மினுங்கும்; விண்வெளியில் காற்று இல்லாததால் அங்கே விண்மீன்கள் மினுங்குவதில்லை. ஓரம் மெல்ல மங்கும் காஸியன் புள்ளியாக (பரவலைக் குறிக்கும் சிக்மா 0.6 முதல் 0.8 பிக்சல் வரை), மையம் பிக்சல்களுக்கு இடையே விழுந்தால் அந்தத் தசம இடத்தையும் மதித்து வரையுங்கள். பிரகாசமான விண்மீனின் நடுப்பகுதி வெள்ளையாக நிறைந்து, மிச்ச ஒளி ஓரங்களுக்கு வழியும்போது அது தானாகவே பெரிதாகத் தெரியும். தனியாக வட்டம் வரையத் தேவையில்லை. சிலுவைக் கதிர்களும் வேண்டாம்: அவை தொலைநோக்கியின் உள்ளமைப்பு உண்டாக்குபவை.

க்யூப்மேப்பின் மூலையில் உள்ள பிக்சல், முகத்தின் நடுவில் உள்ள பிக்சலைவிட வானத்தில் 5.2 மடங்கு குறைந்த பரப்பையே பிடிக்கிறது. புள்ளியின் அளவைப் பிக்சலில் வைத்தால் மூலைகளில் விண்மீன்கள் சிறுத்து மங்கும். விளையாடுபவருக்கு வானத்துக்குள் ஒரு பெட்டி இருப்பது புலப்பட்டுவிடும். அளவைக் கோணத்தில் வையுங்கள். முகத்தின் ஓரத்தில் விழும் விண்மீனைப் பக்கத்து முகத்திலும் வரையுங்கள், இல்லையேல் அது பாதியாக வெட்டப்படும். டெக்ஸ்சர் அமைப்பில் ரிப்பீட் (ஓரம் தாண்டினால் எதிர் ஓரத்தை எடுப்பது) இருந்தால் கிளாம்ப் (ஓரப் பிக்சலிலேயே நிற்பது) என மாற்றுங்கள். முகங்கள் சேருமிடத்தில் கோடு தெரிய இதுவே வழக்கமான காரணம்.

நிறத்துக்குப் பட்டியலில் உள்ள பி−வி குறியீடு (நீல ஒளியில் அளந்த தரத்துக்கும் மஞ்சள்-பச்சை ஒளியில் அளந்த தரத்துக்கும் உள்ள வேறுபாடு) போதும். அதை 0.92ஆல் பெருக்குங்கள். வந்ததோடு 1.7ஐயும் 0.62ஐயும் தனித்தனியே கூட்டி, இரண்டின் தலைகீழ் மதிப்புகளையும் சேர்த்து, 4600ஆல் பெருக்கினால் வெப்பநிலை கெல்வினில் வரும். சூரியனின் 0.65ஐப் போட்டால் ஏறக்குறைய 5,780 கிடைக்கும். உங்கள் நிரலைச் சரிபார்க்க இதை வைத்துக்கொள்ளுங்கள். திருவாதிரை (பெட்டல்ஜூஸ்) விண்மீனுக்குச் சுமார் 3,500, ரைஜெல் விண்மீனுக்குச் சுமார் 12,000. வெப்பநிலையிலிருந்து வரும் நிறங்களில் பச்சையும் இல்லை, அடர் ஊதாவும் இல்லை. பெரும்பாலானவை வெள்ளையை ஒட்டிய வெளிர் நிறங்களே. நிறச்செறிவை ஏற்றும் ஆசையை அடக்கினால்தான் திருவாதிரையின் ஆரஞ்சு தனித்துத் தெரியும்.

பால்வீதிக்கு ஒளியைவிட இருட்டு முக்கியம். வானத்தில் ஒரு வெளிர் பட்டையைத் தீட்டிவிட்டால் அது புகைபோல் இருக்கும். அதை நீளவாக்கில் பிளக்கும் தூசு மேகங்கள்தான் அதற்கு உருவம் தருகின்றன. தூசுக்குத் தனி நாய்ஸ் படலம் செய்து, ஒளியோடு பெருக்குங்கள். நீலத்தைச் சிவப்பைவிட அதிகமாகக் குறையுங்கள், தூசு உண்மையில் செய்வது அதுதான். நெபுலாக்களில் கை தாராளமாக வேண்டாம். நெருங்கிப் போனாலும் நெபுலாவின் பரப்பொளிர்வு கூடாது, பெரிதாகும், பிரகாசமாகாது. படங்களில் காணும் கொழுத்த நிறங்கள் நீண்ட எக்ஸ்போஷரிலும், ஒரு சிறு அலைநீளப் பட்டையை மட்டும் விடும் ஃபில்டர்களுக்கு நாமே சூட்டும் நிறங்களிலும் பிறப்பவை.

மங்கலான சாயல்கள் 8 பிட்டில் பட்டை பட்டையாக உடையும். குறைக்கும் முன் ஒரு படி அளவுக்கு இரைச்சல் சேர்த்து டிதர் செய்யுங்கள். இடைக்கோப்பு எதையும் ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள், விண்மீனைச் சுற்றி அழுக்கு படியும். விளையாட்டுகள் படங்களைச் சுருக்கி வைக்கும் டிடிஎஸ் கோப்பில் பிசி1 என்ற சுருக்க வகை, 4×4 பிக்சல் கட்டத்துக்கு இரு நிறங்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட இரண்டையும் மட்டும் வைத்திருக்கும். ஒரே கட்டத்தில் ஆரஞ்சு விண்மீனும் நீல விண்மீனும் விழுந்தால் இரண்டும் நிறம் கெடும். டிதரும் கட்டம் கட்டமாகிவிடும். விளையாட்டு ஏற்றால் அதைவிடத் தரமான பிசி7 வகையை எடுங்கள். 4096 முகங்கள் ஆறுக்கும் சுருக்காமல் 384 எம்பி, பிசி7இல் 96 எம்பி, பிசி1இல் 48 எம்பி. 90 பாகைப் பார்வையும் 1920 அகலத் திரையும் என்றால் 2048 முகம் போதும். 2560க்கு மேல் போனால் 4096 எடுங்கள். படத்தின் சிறு சிறு பிரதிகளை அடுக்கி வைக்கும் மிப்மேப்பை அணையுங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் நான்கு பிக்சல்கள் சராசரியாவதால் விண்மீன் கால்பங்கு ஒளிக்கு இறங்கிவிடும்.

உண்மையான வானத்தை வரைந்திருந்தால், வெளியிடும் முன் ஓரியன் விண்மீன் கூட்டத்தைத் தேடுங்கள். வடக்கு மேலே இருக்கும்படி பார்த்தால் திருவாதிரை இடப்பக்கம் மேலே, ரைஜெல் வலப்பக்கம் கீழே இருக்க வேண்டும். மாறியிருந்தால் வானம் கண்ணாடிப் பிம்பமாகிவிட்டது. க்யூப்மேப்பின் அச்சுமுறை இடக்கை முறை என்பதால் இது அடிக்கடி நடக்கும். ஓர் அச்சின் குறியை மாற்றி மறுபடி வரையுங்கள்.

நீங்களே வரைய விருப்பமில்லையென்றால் நாசாவின் 2020ஆம் ஆண்டு ஆழ்வான வரைபடம் 170 கோடி விண்மீன்களோடு இஎக்ஸ்ஆர் என்ற மிதவைப் புள்ளிப் பட வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐரோப்பிய தெற்கு வான் ஆய்வகத்தின் பால்வீதிப் பனோரமாவையும் பயன்படுத்தலாம், ஆனால் அதற்கு உரியவர் பெயரைக் குறிப்பிடுவது கட்டாயம். மோட் கோப்புறையில் அந்தப் பெயர்களுக்கென்று ஓர் உரைக்கோப்பு வையுங்கள்.