கூலன்ட்: குளிர்விப்பதா, சூடு ஆற்றுவதா?

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மெக்கானிக் அண்ணன் கேட்டார்: "சாரே, இதுக்குப் பச்ச வெள்ளமா, செவப்பு வெள்ளமா?"

மற்ற ஊர்க்காரர்களுக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. எங்கள் குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். அதனால் கேள்வி எனக்குப் புரிந்தது. ஆனால் அவர் கேட்டது கூலன்டைப் பற்றி, அதாவது என்ஜினுக்குள் ஓடி அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் திரவத்தைப் பற்றி. கூலன்டை வெறும் தண்ணீர் என்று நினைப்பதும், நிறத்தைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுப்பதும் எத்தனையோ என்ஜின்களைக் கெடுத்திருக்கின்றன.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'கூல்' ஆங்கிலச் சொல். அதோடு லத்தீன் வழியாக வந்த 'அன்ட்' என்ற ஈறு சேர்ந்து கூலன்ட் ஆனது. ஒரு வேலையைச் செய்யும் பொருளைக் காட்டுகிற ஈறு இது. லூப்ரிகன்ட் என்பதிலும் இதே ஈறுதான். தமிழில் இதற்குக் குளிர்விப்பான் என்று எழுதுகிறார்கள். குளிர் தன்வினை, குளிர்வி பிறவினை, அதிலிருந்து குளிர்விப்பான். இலக்கணம் சரியாகவே இருக்கிறது. சிலர் குளிரூட்டி என்றும் எழுதுகிறார்கள். அது ஏசியைக் குறிக்கப் பழகிவிட்ட சொல். காரில் ஏசியும் இருக்கிறது, கூலன்டும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் எங்கே எதை ஊற்றுவது?

குளிர்விப்பான் என்பதிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. என்ஜின் குளிர்ந்து போகக் கூடாது. கூலன்டின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு தெர்மோஸ்டாட் என்ற ஒரு சின்ன வால்வு இருக்கிறது. பெரும்பாலான கார்களில் கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் அது திறக்கும். அதாவது என்ஜின் சூடாகவே ஓட வேண்டும், அந்தச் சூடு அளவை மீறாமல் இருக்க வேண்டும். இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது. ஆற்று.

தக்கலையிலோ குழித்துறையிலோ ஏதாவது ஒரு சாயாக்கடையில் நின்று பாருங்கள். ஒரு கை மேலே போகும், இன்னொரு கை கீழே இறங்கும், நடுவில் சாயா நீளமாக விழும். விழும்போது காற்றுப் பட்டுச் சூடு குறையும். யாரும் சாயாவைக் குளிர்விப்பதில்லை. குடிக்கிற பதத்துக்கு ஆற்றுகிறார்கள். என்ஜினில் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்து, திரும்பவும் என்ஜினுக்குப் போகிற கூலன்டும் இதையேதான் செய்கிறது. அதனால் நான் வைக்கும் பெயர் சூடாற்றி. ஆற்றுநீர் என்று வைக்க முடியாது, அது ஆற்றுத் தண்ணீர் ஆகிவிடும்.

சரி, தண்ணீர் என்ற சொல்லிலேயே குளிர்ச்சி இருக்கிறதே? ஆமாம், தண் என்றால் குளிர்ச்சி; தண் + நீர் = தண்ணீர். சூட்டை வாங்கும் திறனும் கூலன்ட் கலவையைவிட வெறும் தண்ணீருக்கே அதிகம். பிறகு ஏன் அதை ஊற்றக் கூடாது? நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜப்பானிய காரின் ரேடியேட்டர் மூடியை முதல்முறை திறந்தபோது பதில் கிடைத்தது. உள்ளே இருந்தது செங்காவி நிறத்தில் கலங்கல். மூடியின் ரப்பரில் வெள்ளைப் பொருக்கு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால், அது உட்காரும் அலுமினியப் பகுதி பொரிபொரியாக அரித்துப் போயிருந்தது. கடலோரத்து வீடொன்றின் கிணற்று வெள்ளத்தையே வருஷக்கணக்காக ஊற்றியிருக்கிறார்கள். கரிக்கும் தண்ணீரில் இருக்கிற குளோரைடு அலுமினியத்தைத் தின்றுவிடும்.

கூலன்டில் எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத் திரவமும் தண்ணீரும், அவற்றோடு துருத்தடுப்பு மருந்தும் இருக்கின்றன. பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை 107 டிகிரி வரை ஏறும். ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட் மாதிரி அழுத்தம் கொடுப்பதால் அது இன்னும் மேலே போகும். இதே கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அதனால்தான் இதற்கு ஆன்டிஃப்ரீஸ் என்று இன்னொரு பெயர்; தமிழில் உறைதடுப்பி எனலாம். நாகர்கோவிலில் எது உறையப்போகிறது என்று கேட்டு, வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உறைதடுப்பு நமக்குத் தேவையில்லைதான். துருத்தடுப்பு தேவை, அதுவும் உப்புக் காற்றடிக்கிற ஊரில் கண்டிப்பாகத் தேவை.

இப்போது பச்சையா சிவப்பா என்ற கேள்விக்கு வருகிறேன். பச்சைத் தண்ணீர் என்றால் தமிழில் காய்ச்சாத, எதுவும் சேராத தண்ணீர். கூலன்டின் பச்சையோ வெறும் சாயம். டொயோட்டா இளஞ்சிவப்பில் தருகிறது, ஹோண்டா நீலத்தில் தருகிறது, ஹூண்டாயில் பல காலமாகப் பச்சை. இந்த ஆசிய கார்களில் பொதுவாக வருவது, துருத்தடுப்பு மருந்தாகப் பாஸ்பேட் உள்ள, சிலிகேட் இல்லாத வகை; புதியவற்றில் கரிம அமிலமும் சேர்ந்திருக்கும். சிலிகேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும் என்பது ஜப்பானியர்களின் கவலை. ஐரோப்பியர்களோ கடின நீரோடு பாஸ்பேட் சேர்ந்தால் படிவு உண்டாகும் என்று பாஸ்பேட்டையே தவிர்த்தார்கள். ஆகவே, அதே பச்சையில் கடையில் இருக்கும் இன்னொரு பாட்டில் உங்கள் காருக்குப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். மேனுவலில் என்ன வகை போட்டிருக்கிறது என்று பாருங்கள். பாட்டிலில் ஜேஐஎஸ் கே 2234 என்று இருந்தால் அது ஜப்பானியத் தர எண். கான்சன்ட்ரேட், அதாவது தண்ணீர் சேர்க்காத அடர்த்தியான வகை வாங்கினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் கலக்கவும். தண்ணீர் கலந்தே வரும் ப்ரீமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம். எனக்கு ப்ரீமிக்ஸ்தான் பிடிக்கும், கலக்கும் தண்ணீரைப் பற்றிய கவலை இல்லை.

எப்போது மாற்றுவது என்பதும் வகையைப் பொறுத்தது. டொயோட்டாவின் சூப்பர் லாங் லைஃப் கூலன்டுக்குப் பல மாடல்களில் முதலில் 1,60,000 கிலோமீட்டர், பிறகு 80,000-க்கு ஒருமுறை. பழைய வகைகளை இரண்டு மூன்று வருஷத்துக்குள் மாற்ற வேண்டும்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் முகத்தில் பீய்ச்சியடிக்கும். ரேடியேட்டரின் அடியில் இருக்கும் ட்ரெயின் காக் என்ற வடிதிருகைத் திறந்து பழையதை வடித்து, டிஸ்டில்டு வாட்டர் விட்டுக் கழுவி, புதியதை மெதுவாக ஊற்ற வேண்டும். அப்புறம் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஓடி நிற்கும் வரை என்ஜினை ஓடவிட்டால் ஏர் லாக், அதாவது உள்ளே சிக்கிய காற்று போகும். மறுநாள் காலை ரிசர்வாயர் என்ற கூலன்ட் டப்பாவில் அளவு இறங்கியிருக்கும், கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும்.

கிளைக்கால் என்ற பெயருக்கு அடியில் இருப்பது இனிப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்; குளுக்கோஸும் அந்த வழிதான். பெயருக்கேற்ப இது இனிக்கும், ஆனால் விஷம். வடித்ததைத் திறந்த பேசினில் விட்டால் நாயோ ஆடோ நக்கிவிடும், குழந்தைகள் கை வைப்பார்கள். தென்னை மூட்டில் கொட்டாமல், மூடி போட்ட கேனில் அடைத்து ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.