'வென்ட்' தெரிந்த பிள்ளை ஏன் தப்பாக எழுதுகிறது?

மேலூர்ப் பக்கம் நாலாவது படிக்கிற ஒரு பிள்ளை, இங்கிலீஷில் 'கோ'வுக்கு இறந்தகாலம் 'வென்ட்' என்று போன வருஷம் வரை சரியாகத்தான் எழுதியது. இப்போது 'கோ'வோடு இ.டி.யை ஒட்டி, ஜி-ஓ-இ-டி என்று எழுதுகிறது. நோட்டெல்லாம் சிவப்பு மை. "முன்னாடி நல்லாத்தானே எழுதுச்சு?" என்று வீட்டில் கவலை.

உண்மையில் பிள்ளை ஒரு படி ஏறியிருக்கிறது. முதலில் எழுதிய 'வென்ட்' வெறும் மனப்பாடம். 'வாக்டு', 'ப்ளேயிடு' என்று நிறையக் கேட்டபின், இறந்தகாலத்துக்கு இ.டி. என்ற விதியை மூளை தானே உருவி எடுத்து எல்லா வினைக்கும் போட்டுப் பார்க்கிறது. விதிவிலக்குகள் பதிந்ததும் 'வென்ட்' திரும்பிவிடும். 1958-ல் அமெரிக்க மொழி ஆய்வாளர் ஜீன் பெர்க்கோ, 'வக்' என்று இல்லாத பிராணி ஒன்றை வரைந்து காட்டி, இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று சின்னப் பிள்ளைகளிடம் கேட்டார். யாரும் சொல்லித்தராத பன்மையைச் சட்டென்று சொன்னார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் தாய்மொழி. ஆனால் இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களும் இதே தப்பைச் செய்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளை கொஞ்ச உதாரணத்திலேயே விதியைப் பிடித்துவிடும்; தப்பும் சீக்கிரமே வரும்.

உச்சரிப்பில் இந்தக் கெட்டிக்காரத்தனம் அவ்வளவாக எடுபடாது. 'பல்'லில் வருகிற பகரம் வேறு, 'கம்பு'வில் வருகிறது வேறு. எங்கே எது என்பதைச் சொல்லில் வரும் இடமே தீர்மானித்துவிடுவதால், பிரித்துக் கேட்கும் அவசியம் நம் காதுக்கு இல்லை. முதுகைச் சொல்லும் பேக்கும் (back) மூட்டை கட்டும் பேக்கும் (pack) தமிழில் எழுதினால் ஒன்றுதான்! பிறந்த ஓராண்டுக்குள் காது தாய்மொழிக்குப் பழகிவிடுகிறது. மதுரையின் சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் யோகம்: வீட்டில் பேசுவது இந்தோ-ஆரிய மொழி, அதில் இவை தனித்தனி ஒலிகள். தெருவில் தமிழ் வேறு. இங்கிலீஷ் அவர்களுக்கு மூன்றாவது.

பேச்சு வேறு, பாடம் வேறு. கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், பேச்சுக்கு ஏறக்குறைய 2 வருஷமும், பாடப்புத்தக மொழிக்கு 5 முதல் 7 வருஷமும் ஆகும் என்றார். அதுவும் சுற்றிலும் இங்கிலீஷ் புழங்கும் ஊரில். உசிலம்பட்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஆனால் ஒரு மொழியில் புரிந்தது மறுமொழிக்கும் கூடவே வரும் என்பது அவருடைய இன்னொரு கருத்து. வைகை அணையில் 2017-ல் தண்ணீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்ட கதையைக் கேட்டதும், "காத்தடிச்சா ஒதுங்கிடாதா?" என்று கேட்கிற பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டாயிற்று, 'இவாப்பரேஷன்' என்ற பேர் மட்டும்தான் பாக்கி. இங்கிலீஷ் வினாத்தாளை வைத்துப் பார்த்தால் அதே பிள்ளை சுமார்தான். கெட்டிக்காரத்தனத்தை அளக்க, சொல்லே இல்லாமல் வடிவங்களை வைத்து யோசிக்கச் சொல்லும் ரேவன் சோதனை 1930-களிலிருந்தே இருக்கிறது. தமிழில் கேட்டுப் பார்த்தால் அதுகூட வேண்டியதில்லை.