அந்துருண்டையும் அவுரி நீலமும்

அம்மாவின் பட்டுப் புடவைகள் இருக்கும் பீரோவைத் திறந்தாலே அந்த வாசனை முகத்தில் வந்து மோதும். பாச்சா உருண்டை. சில ஊர்களில் அந்துருண்டை என்பார்கள். கோலிக்குண்டு அளவில் போட்டு வைத்தது, அடுத்த கல்யாணத்துக்குப் புடவை எடுக்கும்போது கொண்டைக்கடலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். புடவை மடிப்பில் ஈரமோ கறையோ இருக்காது. உருகாமலேயே நேராக ஆவியாகிவிடும் பொருள் அது. பதங்கமாதல் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். பல காலமாக அந்த உருண்டைகளைச் செய்யும் பொருளுக்கு நாப்தலீன் என்று பெயர். அது கிடைத்த இடம் நிலக்கரி.

நிலக்கரி என்றால் வெறும் கார்பன் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இருந்திருந்தால் அதிலிருந்து சாயமும் மருந்தும் வந்திருக்காது. அது புதைந்து போன காடு. மரம் நிமிர்ந்து நிற்க உதவுவது லிக்னின் என்ற பொருள். அதற்குள் ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் அறுகோண வளையங்கள் ஏராளம். சதுப்பு நிலத்தில் சாய்ந்த மரம் காற்றுப் படாமல் மண்ணுக்கடியில் அழுந்தும்போது, அதிலுள்ள ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் தண்ணீராக, கார்பன் டை ஆக்சைடாக, மீத்தேனாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகின்றன. வளையங்கள் லேசில் உடைவதில்லை. காலம் செல்லச் செல்ல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பெரிதாகின்றன.

ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரி, குளோசோப்டெரிஸ் போன்ற தாவரங்கள் 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் விட்டுச் சென்றது. நம் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி அதைவிட மிகவும் இளையது. வெட்டி எடுக்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான்.

நிலக்கரியைக் காற்றில் எரித்தால் வளையங்கள் எல்லாம் புகைபோக்கி வழியே கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். காற்றில்லாமல் சூடாக்கினால் கதை வேறு. ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூடி, கரிமூட்டம் போடுவார்களே, அதே தத்துவம்தான். இரும்பு ஆலைகளில் இதற்கென்று சூளைகள் உண்டு. அரை மீட்டர் அகலமே உள்ள, பல மீட்டர் உயரமான செங்கல் அறைகள் வரிசையாக நிற்கும். உள்ளே போட்ட நிலக்கரி 400 டிகிரி செல்சியஸ் வாக்கில் அல்வாபோல் இளகும். வாயுக் குமிழிகள் கிளம்பி அதை உப்ப வைக்கும். 500 டிகிரியைத் தாண்டியதும் இறுகும். 1,000 டிகிரியில், ஏறக்குறைய முக்கால் நாள் வெந்தபின் வெளியே தள்ளினால் அதுதான் கோக். இப்படி இளகி இறுகும் குணம் எல்லா நிலக்கரிக்கும் கிடையாது. அதனால்தான் ஜாரியா நிலக்கரிக்கு இரும்பு ஆலைகளில் அத்தனை மதிப்பு.

ஒரு டன் நிலக்கரி போட்டால் சுமார் 700 கிலோ கோக் மிஞ்சும். மீதி ஆவியாக வெளியேறுகிறது. அதைக் குளிர்வித்தால் கறுப்பாக, பிசுபிசுப்பாக 30 முதல் 40 கிலோ தார் இறங்கும். ஆவியோடு வரும் அம்மோனியாவைக் கந்தக அமிலத்தில் பிடித்தால் அம்மோனியம் சல்பேட் உரம். எஞ்சிய வாயு சூளையைச் சூடாக்கவே பயன்படும். தாரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நாப்தலீன்; இரண்டு அறுகோணங்கள் ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் மூலக்கூறு.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவில் எரிந்தன. அந்த வாயுவைத் தயாரித்தவர்களுக்குத் தார் ஒரு தலைவலி. நாப்தலீனோ அதைவிடத் தொல்லை: குளிர் வந்தால் குழாய்க்குள்ளேயே வெள்ளைப் படிகமாக உறைந்து வழியை அடைத்துவிடும்.

1856இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின், தாரிலிருந்து கிடைத்த அனிலீனை வைத்து மலேரியா மருந்தான குயினைன் செய்யப் பார்த்தார். குயினைன் வரவில்லை. பாத்திரத்தைக் கழுவும்போது ஊதா நிறம் வந்தது. அது துணியில் ஏறி நின்றது. அதோடு தாரின் மேல் வேதியியலாளர்களின் பார்வை திரும்பியது. எல்லோரும் ஆசைப்பட்ட நிறம் ஒன்றுதான்: நீலம்.

நீலம் அப்போது இந்தியாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. வங்காளம், பீகார் மட்டுமல்ல, நம் தென்னாற்காடு வரை அவுரி பயிரானது. அவுரித் தழையைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால், அதிலுள்ள இண்டிகன் சிதைந்து இண்டாக்சில் என்ற நிறமற்ற பொருள் பிரியும். பிறகு ஆட்கள் தொட்டிக்குள் இறங்கி மணிக்கணக்கில் தண்ணீரை அடிப்பார்கள். அடிப்பது காற்றைக் கலக்கத்தான். ஆக்சிஜன் பட்டதும் இரண்டிரண்டு இண்டாக்சில் மூலக்கூறுகள் இணைந்து நீலமாகி அடியில் படியும்.

ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் பேயர் இந்த நீலத்தின் அமைப்பை 1883இல் கண்டறிந்தார். ஆனால் ஆய்வகத்தில் செய்வது வேறு, மூட்டை மூட்டையாக விற்பது வேறு. பிஏஎஸ்எஃப் (BASF) என்ற ஜெர்மன் நிறுவனம் பிடித்த வழி நாப்தலீனில் தொடங்கியது. அதன் இரண்டு வளையங்களில் ஒன்றை உடைத்து, மற்றதைச் சிதையாமல் காப்பாற்றியாக வேண்டும். கந்தக அமிலத்தில் போட்டுச் சூடாக்கினார்கள். வினை நகர மறுத்தது. ஒரு நாள் கலவைக்குள் வெப்பமானி உடைந்து பாதரசம் கொட்டியது. வினை வேகமெடுத்தது. பாதரசம்தான் அதற்கு வேண்டிய வினையூக்கி! அங்கிருந்து படிப்படியாக இண்டாக்சில் வரை போய்விட்டால் மிஞ்சுவது கடைசி வேலை: காற்றைக் கலப்பது. தென்னாற்காட்டுத் தொட்டியில் கூலியாட்கள் செய்த அதே வேலை.

1897இல் அந்த நீலம் சந்தைக்கு வந்தது. அந்த ஆண்டில் உலகில் செடியிலிருந்து எடுத்த நீலம் சுமார் 19,000 டன். 1914இல் 1,000 டன் அளவுக்கு இறங்கிவிட்டது. சம்பாரணில் அவுரி பயிரிட்டே தீர வேண்டும் என்று குடியானவர்களை வதைத்த தோட்ட முதலாளிகள், விலை சரிந்ததும் அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவிப்பதற்கு விலையாகக் குத்தகையைக் கூட்டினார்கள். 1917இல் காந்தி அங்கே போனபோது கேட்ட குறைகளில் இதுவும் ஒன்று. ஜெர்மனியின் வேதியியல் பீகாரின் ஏழைக் குடியானவன் தலையில் வந்து விடிந்த கதை இது. சாயங்களின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது எனக்குச் சம்மதமில்லை.

தாருக்குக் கொடிய முகமும் உண்டு. 1915இல் ஜப்பானில் யாமாகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் மாதக்கணக்கில் தாரைத் தடவிப் புற்றுநோய் வரவழைத்துக் காட்டினார்கள். ஐந்து வளையங்கள் ஒட்டிய பென்சோபைரீன் அதற்குக் காரணமானவற்றில் ஒன்று என்பது பின்னால் தெரிந்தது. நாப்தலீனும் சாது இல்லை. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, அந்துருண்டை வைத்திருந்த துணியில் சுற்றினாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். பிறந்த குழந்தையின் துணி இருக்கும் அலமாரியில் தயவுசெய்து அதைப் போடாதீர்கள்.

திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிரிட்டு நீலம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நீலத்தையும் நிலக்கரி நீலத்தையும் மற்ற கலப்புகள் போகச் சுத்தப்படுத்திப் பக்கத்தில் வைத்தால், மூலக்கூறு ஒன்றேதான். துணிக்கும் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. கார்பன்-14 மட்டும் காட்டிக்கொடுக்கும். உயிருள்ள செடி காற்றிலிருந்து எடுக்கும் அந்தக் கதிரியக்கக் கார்பன், செடி இறந்தபின் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். அவுரி நீலத்தில் அது இருக்கும். நிலக்கரி நீலத்தில் துளியும் இருக்காது. அந்தச் செடி செத்து அவ்வளவு காலமாகிவிட்டது.