புது ஹிமாலயனின் முன்காலுக்குள் இருக்கும் ஆயில்

ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் பைக்கைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பழைய ஹிமாலயன் 411-இல் முன் சஸ்பென்ஷன் ட்ராவல் (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம்) 200 மில்லிமீட்டர். புது 450-இலும் அதே 200 தான். எடை 199 கிலோவிலிருந்து 196 ஆகியிருக்கிறது, பெரிய வித்தியாசமில்லை. ஆனால் நண்பனின் 450-ஐ வாங்கி அதே மண்பாதையில் ஓட்டினால் வேறு வண்டி மாதிரி இருக்கிறதே, எப்படி?”

விளம்பரத் தாளில் அச்சாகாத விஷயத்தைப் பற்றிய கேள்வி இது. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இன்ஜினைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 2016-இல் வந்த 411, ஏர் கூல்டு, சிலிண்டர் தலையில் இரண்டு வால்வு, 24 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். 2023 நவம்பரில் வந்த 450-க்கு 452 சிசி, ரேடியேட்டர், நான்கு வால்வு, ஏறக்குறைய 40 குதிரைத்திறன். கொள்ளளவு பத்து சதவீதம் கூடியதற்குத் திறன் அறுபது சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. வால்வுகள் அதிகமானால் வேகமாகச் சுவாசிக்கலாம், தண்ணீர் குளிர்வித்தால் அழுத்த விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெரிபடுகிறது என்ற கணக்கு) 9.5-லிருந்து 11.5-க்கு ஏற்றலாம், 8,000 ஆர்பிஎம் வரை முறுக்கலாம். பள்ளிக்கூட இயற்பியல்தான். இதன் அருமை லடாக்கின் கர்துங் லா கணவாய் மாதிரி 5,300 மீட்டருக்கு மேலே போனால் புரியும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். டர்போ இல்லாத எந்த இன்ஜினும் பாதியை ஒட்டித்தான் திறன் தரும். 24-இல் பாதி போனால் மேட்டில் முதல் கியரை விட்டு நகர முடியாது. 40-இல் பாதி போனாலும் 411 சமவெளியில் ஓடியதற்குச் சற்றுக் கீழேதான் நிற்போம்.

ஆனால் வாசகர் மண்பாதையில் உணர்ந்தது இன்ஜினை மட்டுமல்ல. முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்தான் ஃபோர்க். அதற்குள் போவோம்.

ஃபோர்க்கில் இரண்டு சமாச்சாரங்கள்: ஸ்பிரிங், ஆயில். ஸ்பிரிங்கைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கல்லில் ஏறும்போது ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போது வட்டிகூடப் பிடிக்காமல் அப்படியே திருப்பித் தந்துவிடும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தில் விழுந்த வண்டி அடுத்த தெரு வரை குதித்துக்கொண்டே போகும். அந்த ஆற்றலை வெப்பமாக்கிச் செலவழிப்பது ஆயில். பிஸ்டன் ஒன்று ஆயிலுக்குள் மேலும் கீழும் போகும். பிஸ்டனில் உள்ள துளைகள் வழியாக ஆயில் நெரிந்து ஓட வேண்டும். அந்த நெரிசல்தான் தடை.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது, அட்வெஞ்சர் பைக்கின் மொத்தத் தலைவலியே அதுதான்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றுக்கு முன்னால் பிரேக் பிடிக்கிறீர்கள். முன்பக்கம் அரை விநாடியில் 5 சென்டிமீட்டர் அமுங்குகிறது. அதாவது ஃபோர்க் நகரும் வேகம் விநாடிக்கு 10 சென்டிமீட்டர். இப்போது அதே வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் மண்பாதையில் 5 சென்டிமீட்டர் உயரக் கல் ஒன்றின் மேல் ஏறுகிறது. 21 அங்குல முன்சக்கரத்தின் ஆரம், டயரையும் சேர்த்து, சுமார் 35 சென்டிமீட்டர். பித்தாகரஸைக் கூப்பிட்டுக் கணக்குப் போட்டால், கல்லைத் தொட்டதிலிருந்து உச்சிக்குப் போவதற்குள் சக்கரம் 18 சென்டிமீட்டர்தான் முன்னேறுகிறது. அதற்கு ஆகும் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் சக்கரம் 5 சென்டிமீட்டர் மேலே வந்தாக வேண்டும்: விநாடிக்கு நாலரை மீட்டர். டயர் கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும், ஆகவே முந்தையதைவிட 30 மடங்கு வேகம் என்று வைத்துக்கொள்வோம்.

கவனியுங்கள், இரண்டிலும் ஃபோர்க் அமுங்கிய தூரம் ஒன்றே. வேகம்தான் வேறு. இந்த வேகத்துக்கும் ஸ்பீடாமீட்டருக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.

பிஸ்டனில் வெறும் துளை மட்டும் இருந்தால் என்ன ஆகும்? துளை வழியாக ஆயிலைத் தள்ளத் தேவையான விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் 30 மடங்கு என்றால் தடை 900 மடங்கு. கிணற்றில் வயிறு அடிபட விழுந்தவர்களுக்கு இது தெரியும்: மெதுவாக இறங்கினால் வழிவிடும் தண்ணீர், வேகமாக விழுந்தால் கல்தரை. விலை குறைந்த ஃபோர்க்குகளின் கதை இதுதான். துளையைப் பெரிதாக்கினால் பிரேக் பிடிக்கும்போது மூக்கு தரையைத் தேடும். சிறிதாக்கினால் கல்லில் ஆயில் இறுகிப்போய் அடி நேராக மணிக்கட்டுக்கு வரும். தாரோட்டுக்கும் மண்பாதைக்கும் சேர்த்து ஒரு துளை அளவு கிடையவே கிடையாது.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எனக்கு எந்த எலெக்ட்ரானிக் வித்தையையும்விடப் பிடிக்கும். பிஸ்டனின் துளைகளை மெல்லிய இரும்புத் தகடுகளால் மூடிவிடுகிறார்கள். ஷிம் என்று பெயர். காசு அளவு வட்டம், நடுவில் ஓட்டை, தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு. பெரியது அடியில், சிறியது மேலே என்று கோபுரம் போல அடுக்கி நடுவில் நட்டு வைத்து இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஃபோர்க் மெதுவாக நகரும்போது தகடுகள் அசையாது. ஆயில் பக்கத்திலுள்ள ஒரு சின்ன வழியாக மட்டும் கசியும், தடை நன்றாக இருக்கும், மூக்கு அமுங்காது. கல் மோதி அழுத்தம் எகிறியதும் தகடுகளின் விளிம்பு வளைந்து கொடுக்கும். அழுத்தம் கூடக் கூட இடைவெளியும் கூடும். ஆகவே தடை வர்க்கத்தில் ஏறாமல் ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறும். அடுக்கை மாற்றினால் அதற்கும் கீழே மடிக்கலாம். சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. வருவது பிரேக்கா கல்லா என்று வளையும் தகடு முடிவெடுக்கிறது, அதுவும் விநாடியில் நூறில் ஒரு பங்குக்குள்!

திரும்பி எழும்போதும் தனி அடுக்கு உண்டு. அதை அதிகம் இறுக்கினால் இன்னொரு தொல்லை. லடாக்கின் அலைஅலையான மண்ரோட்டில் முதல் மேட்டில் அமுங்கிய ஃபோர்க் முழுதாக எழுவதற்குள் இரண்டாவது மேடு வந்துவிடும், பிறகு மூன்றாவது. பத்து மேட்டுக்குப் பிறகு 200 மில்லிமீட்டரில் பாதிகூட மிச்சமிருக்காது. தாளில் அச்சடித்த ட்ராவல் எண்ணை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

450-இன் ஃபோர்க் ஷோவா நிறுவனத்தின் 43 மில்லிமீட்டர் தலைகீழ் வகை. தடித்த குழாய் மேலே, மெல்லிய பளபளப்புக் குழாய் கீழே. வளைக்கும் விசை அதிகம் வருவது ஹேண்டிலுக்குக் கீழே, கவ்வைகள் பிடிக்கும் இடத்தில். தடித்த பகுதி அங்கே இருப்பதால் பிரேக்கிலும் பாறையிலும் ஃபோர்க் நெளியாது, நெளியாத குழாய்க்குள் மற்றது சிக்காமல் சறுக்கும். வாசகரின் கைக்குத் தெரிந்த வித்தியாசத்தில் இதற்கும் பங்குண்டு.

தலைகீழ் ஃபோர்க்கில் ஒரு பலவீனம், பளபளப்புக் குழாய் சேற்றுக்குப் பக்கத்தில் இருப்பது. அதன் மேல்தான் ஆயில் சீல் உரசி ஓடுகிறது. நம் ஊரில் புது வண்டி எடுத்ததும் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு கட்டுகிறோம், பலர் ஃபோர்க்கிலேயே கட்டுகிறார்கள். எலுமிச்சம்பழம் நசுங்குவதால் டயருக்கு நஷ்டமில்லை, தாராளமாக நசுக்குங்கள். ஆனால் அந்தக் கயிறு மண்ணையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் சீலுக்கு உப்புத்தாள் போடும். கண்ணேறுக்குப் பயந்து கட்டியது ஆயில் கசிவில் முடியும். கட்டியே ஆக வேண்டுமென்றால் ஹேண்டிலில் கட்டுங்கள்.

பின்பக்கம் ட்ராவல் 180-லிருந்து 200 ஆகியிருக்கிறது, ஸ்பிரிங்கின் ப்ரீலோடை, அதாவது எடை ஏறும் முன்பே ஸ்பிரிங் எவ்வளவு இறுகியிருக்க வேண்டும் என்பதை, மாற்றலாம். மாற்றத்தான் யாரும் மெனக்கெடுவதில்லை. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் மொத்த ட்ராவலில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். அந்த இருப்பு இருந்தால்தான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொடும். பின்னால் ஆளும் பையும் ஏறினால் பாதி ட்ராவல் நிற்கும்போதே போய்விடும். முன்பக்கமோ உயர்ந்து நிற்கும், வளைவில் வண்டி திரும்ப அடம்பிடிக்கும். முன் ஃபோர்க்கில் திருகிப் பார்க்க எதுவுமே தராதது இந்த வண்டியில் எனக்குள்ள குறை. 55 கிலோக்காரரும் 95 கிலோக்காரரும் ஒரே அமைப்பில் ஓட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. இந்த வண்டி உருவாவது சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளில். ஒரகடத்தில் வாகனச் சோதனைக்கென அரசு மையமே இருக்கிறது. ஆனால் மின்வண்டி, செயற்கை நுண்ணறிவு என்று எழுதினால் கல்லூரி ஆய்வுக்குப் பணம் கிடைப்பதுபோல, ஆயிலும் ஷிம்மும் என்று எழுதினால் கிடைக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் ரோட்டின் பள்ளங்களை அளந்து, இரண்டு பேர் ஏறிய வண்டிக்குத் தகட்டு அடுக்கு எப்படி இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க ராக்கெட் செலவு ஆகாது. மின்வண்டிக்கும் சஸ்பென்ஷன் வேண்டும்தானே.

டெஸ்ட் ரைடு போகிறவர்களுக்கு: நிறுத்திய வண்டியில் முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை அமுக்கி விடுங்கள். ஒரே தடவை எழுந்து நிற்க வேண்டும், ஆடக்கூடாது. பிறகு ஒரே ஸ்பீட் பிரேக்கரை 20-இலும் 35-இலும் தாண்டிப் பாருங்கள். வேகம் கூடும்போது அடி பல மடங்காக ஏறினால் ஆயில் இறுகுகிறது என்று அர்த்தம். 450 இந்தச் சோதனையில் 411-ஐத் தெளிவாக முந்துகிறது. சேற்றில் நடை வேகத்தில் ஊர்வதற்கு மட்டும் 411-ஐ எனக்கு இன்னும் பிடிக்கும். அதன் உச்ச முறுக்குவிசை 4,500 ஆர்பிஎம்முக்குள்ளேயே வந்துவிடும், 450-க்கு 5,500 வரை போக வேண்டும். சீட்டும் 800-லிருந்து 825 மில்லிமீட்டர் ஆகியிருக்கிறது. ஐந்தடி நாலங்குலக்காரர்கள் ஷோரூம் டைல்ஸில் உட்கார்ந்து பார்த்து முடிவெடுக்காமல், சரிவான மண்ணில் ஒரு காலை ஊன்றிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கவும்.